படுக்கை விரிப்பில் போட்ட முடிச்சு

பிள்ளைகளே, இந்த ஊர் ஆஸ்பத்திரியில் மணி அடித்தால் நோயாளியைப் பார்க்க வந்தவர்கள் எல்லோரும் எழுந்து போய்விடுகிறார்கள். பெற்ற தாயானாலும் சினிமா விட்டதுபோல் நடக்கிறார். நம்மூர்ப் பெரியாஸ்பத்திரியில் உங்கள் தாத்தா கிடந்தபோது நான் கட்டிலுக்கடியில் பாய் விரித்துப் படுத்தேன். கஞ்சி ஊட்டியது, துடைத்தது, புரட்டிவிட்டது எல்லாம் நாங்கள்தான். நர்ஸ் ஊசி போட மட்டும் வருவார். ஆகவே இந்த மலாய் நாட்டு ஜார்ஜ் டவுனில் என்னை வெளியே அனுப்பி வார்டைச் சாத்தியபோது, உள்ளே எதையோ மறைக்கிறார்கள் என்றே நினைத்தேன்.

உள்ளே கிடந்தவன் மாணிக்கம். மாக் மண்டின் என்ற இடத்துப் பட்டறையில் என்னோடு வேலை செய்பவன். ஏணியிலிருந்து விழுந்து இடுப்பெலும்பு முறிந்துவிட்டது. அவன் மனைவி செல்வி மன்னார்குடியிலிருந்து போனில் கேட்டாள்: “அண்ணே, அங்க நல்லா பாக்குறாங்களா? இல்லன்னா சொல்லுங்க, எப்படியாச்சும் இங்க கொண்டாந்துடுறோம்.”

இப்போது விமானம் ஏற்றினால் எலும்பு விலகிவிடும் என்றார் டாக்டர். கவனிப்பில்லாமல் கிடந்தால் முதுகு புண்ணாகிவிடும். தாத்தாவிடம் அதைக் கண்ணால் பார்த்தவன் நான். என் வார்த்தையை நம்பித்தான் செல்வி முடிவெடுப்பாள்.

நர்ஸை இங்கே மிஸ்ஸி என்பார்கள். மலாய்க்கார இளம் மிஸ்ஸி ஒருத்தியிடம் கவனிப்பு எப்படி என்று கேட்டேன். “பாகுஸ்லா,” நல்லாத்தான் இருக்கு என்று, தள்ளுவண்டியை நிறுத்தாமலே சொல்லிவிட்டுப் போனாள். மீன் விற்பவர் தன் மீனைப் பழசு என்பாரா? மாணிக்கமோ மருந்து மயக்கத்தில் எதைக் கேட்டாலும் தலையாட்டினான்.

யாருக்கும் தெரியாமல் அவன் படுக்கை விரிப்பின் மூலையில் ஒரு முடிச்சுப் போட்டுவிட்டு வந்தேன். விரிப்பை மாற்றினால் முடிச்சும் போய்விடும் அல்லவா? மறுநாள் மதியம் பார்த்தால் முடிச்சு அப்படியே இருந்தது. இந்த நாட்டிலேயே, சுங்கை பாக்காப்பில் பிறந்த ஒரு தமிழ் மிஸ்ஸி அங்கே நின்றார், என்னைவிட மூத்தவர்.

“என்னக்கா, நேத்திலேர்ந்து விரிப்ப மாத்தவே இல்லையே?”

“யாரு சொன்னா? காலையில நான்தானே மாத்துனேன்.”

“அப்ப இந்த முடிச்சு?”

“அதுவா? நம்மாளுங்க சாமிக்கு முடிஞ்சு வைக்கிறதுதானேன்னு புதுசுலயும் ஒண்ணு போட்டேன்லா. வேண்டுதல் கெட்டுப்போச்சுன்னு நீங்க சண்டைக்கு வந்துட்டா?”

குனிந்து பார்த்தேன். நான் போட்டது ஒற்றை முடிச்சு, இது இரட்டை. அப்போதும் மனம் கேட்காமல் மாணிக்கத்தின் முதுகுக்கடியில் கையை விட்டேன். ஈரமில்லை, புண்ணில்லை.

“ஊர்ல போலீஸ்ல இருந்தீங்களா தம்பி?” என்றார் மிஸ்ஸி.

“நீங்களே சொல்லுங்கக்கா. இங்க கவனிப்பு நல்லாருக்கா?”

அவர் சுற்றுமுற்றும் பார்த்தார். “சுத்தம், மருந்து, புரட்டிப் போடுறது, இதெல்லாம் தவறாது. ஆனா ஆள் பத்தல தம்பி. பயந்துபோய்க் கூப்பிடுறவன் பக்கத்துல கொஞ்சம் உட்கார்ந்து கையப் புடிக்க முடியல. அதையும் சேத்துப் பார்த்தா, நல்ல கவனிப்புன்னு நான் சொல்ல மாட்டேன்.”

தன் வேலையின் குறையைத் தானே சொன்னவரை நம்பினேன். முழுதாக அல்ல, பாதிக்குக் கொஞ்சம் மேலே.

மணி அடித்ததும் வெளியே வந்து செல்விக்குப் போன் போட்டேன். “இங்கயே இருக்கட்டும்மா. முதுக நானே தொட்டுப் பார்த்தேன்.”

“சரிண்ணே. இப்ப அவரு பக்கத்துல யாரு இருக்கா?”

ஒரு காதில் மன்னார்குடி பஸ்ஸின் ஹாரன் கேட்டது. மாணிக்கம் கூப்பிடுகிறானோ என்று மறு காதைச் சாத்திய கதவில் வைத்திருந்தேன்.

“நான் இருக்கேம்மா,” என்றேன்.