பழைய நேரம், ஏழு மணி

"போறன்" என்று சொல்லிவிட்டு என் மகள் தொலைபேசியை வைத்துவிட்டாள். எங்கள் பக்கத்தில் யாரும் அப்படிச் சொல்லிப் பிரிவதில்லை. "போட்டு வாறன்", போய்த் திரும்பி வருகிறேன் என்றுதான் சொல்வோம்.

அம்மன் அடியார்களே, நான் வன்னியில், முரசுமோட்டையில் வயல் செய்கிறேன். முன்னர் ஆசிரியராக இருந்தேன். இடப்பெயர்வில் மனைவியை இழந்த எனக்கு இருப்பது சுகந்தி ஒருத்திதான். சண்டை ஓய்ந்து பாதை திறந்ததும் அவளை மைசூருக்குப் படிக்க அனுப்பினேன். வன்னி எல்லையான புளியங்குளம்வரை கூடப் போனேன். வன்னிக்குள் பழைய நேரமே இருந்ததால், பேருந்தில் எல்லோரும் கைக்கடிகாரத்தைக் கொழும்பின் புது நேரத்துக்கு அரை மணி முன்தள்ளினார்கள். நான் தள்ளவில்லை. "அப்பா, நீங்கள் எப்பவும் அரை மணி பிந்தித்தான்" என்று சிரித்தாள்.

2003 மாரியில், அங்கு படிக்கும் ஒரு பையன் விடுமுறையில் வந்து அவளைப் பற்றிச் சொன்னான். அவள் வகுப்புக்குப் போவதில்லை. சரியாகச் சாப்பிடுவதில்லை. பின்னேரங்களில் அரண்மனையைச் சுற்றியுள்ள பழைய தெருக்களில் தனியாக நடக்கிறாள். வியாழக்கிழமை மாலை ஏழு மணிக்கு, பரந்தனில் உள்ள தொலைபேசிக் கடைக்கு எடுக்கச் சொல்லி அவனிடமே சொல்லியனுப்பினேன்.

அன்று ஏழு மணிக்கு முன்னரே மழையில் நனைந்துகொண்டு போய்ச் சேர்ந்தேன். கடைக்காரர் முகம் சரியில்லை.

"எங்க மாஸ்டர் நிண்டனீங்கள்? பிள்ளை எடுத்து அழுதிட்டு வச்சிட்டா."

"ஏழு மணிக்கெல்லோ எடுக்கச் சொன்னனான்?"

"எனக்கென்ன தெரியும்? 'அப்பாவும் வரேல்லையோ, அப்ப போறன் எண்டு சொல்லுங்கோ' எண்டவா. நீங்கள் வீட்ட போங்கோ, இனி எடுக்கமாட்டா."

அவள் எடுத்தது ஏதோ ஒரு தெருக்கடையிலிருந்து. திருப்பி எடுக்க என்னிடம் இலக்கம் இல்லை. கடலுக்கு அப்பால் ஓர் ஊரில் இருட்டிக்கொண்டு வருகிறது, என் பிள்ளை நடக்கிறாள், எங்கே என்று தெரியாது. கடை வாசற்படியில் இருந்துவிட்டேன். வற்றாப்பளை அம்மனிடம் முறையாக வேண்டக்கூட வாய் வரவில்லை. "தாயே, அவளுக்குத் தாய் இல்லை. நீ போ" என்றேன். அதையே திரும்பத் திரும்பச் சொன்னேன்.

ஏழு மணிக்குத் தொலைபேசி ஒலித்தது.

"அப்பா, நீங்கள் பழைய நேரமெல்லோ. நான் மறந்திட்டன்."

வீட்டில் மைசூர் நேரத்தைவிட அரை மணி கூட என்று எண்ணி ஆறரைக்கே எடுத்திருக்கிறாள். கொழும்புக்குத்தான் அந்தக் கணக்கு. மைசூரிலும் நம் வன்னியிலும் ஒரே நேரம். நான் கைவிட்டதாக நினைத்து, ஏரிப்பக்கம் போகும் தெருவில் நடந்திருக்கிறாள். வழியில் மணிக்கூண்டு. நிமிர்ந்து பார்த்திருக்கிறாள், ஏழாகச் சில நிமிடங்கள். அப்போதுதான் புளியங்குளத்தில் நான் திருப்பாத என் கைக்கடிகாரம் ஞாபகம் வந்ததாம். திரும்பி ஓடி வந்திருக்கிறாள்.

எத்தனையோ மாலைகள் கடந்துபோன மணிக்கூண்டுதான். அன்று அவளை நிமிர்ந்து பார்க்க வைத்தது யார் என்பதில் எனக்குச் சந்தேகமில்லை.

ஏரிக்கு ஏன் போனாய் என்று நான் கேட்கவில்லை. இன்றுவரை கேட்கவில்லை. அவள் மறுபடி வகுப்புக்குப் போகிறாள். ஆனாலும் மழை பெய்யும் மாலைகளில் விளக்கேற்றி அதே சொற்களைச் சொல்வேன். அவள் வந்ததும் வைகாசிப் பொங்கலுக்கு இருவரும் வற்றாப்பளைக்குப் போவதாக நேர்த்தி.

பிள்ளைகளைத் தூரத்தில் வைத்திருப்பவர்களே, பதில் வரவில்லை என்று எழுந்து போய்விடாதீர்கள். கடைக்காரர் சொன்னபடி நான் வீட்டுக்குப் போயிருந்தால், இரண்டாந்தரமும் அவளுக்கு நான் இல்லாமல் போயிருப்பேன். அம்மன் அவளைத் திருப்பினாள், என்னையும் அந்தப் படியில் இருத்தி வைத்தாள்.

இப்போது சுகந்தி வைக்கும்போது "போட்டு வாறன் அப்பா" என்கிறாள். அதைக் கேட்ட பிறகுதான் நான் வைக்கிறேன்.