காட்டுக்காரம்மாவின் உத்தரவு

காட்டுக்காரர் உத்தரவு கொடுக்காமல் சென்னிமலை மெசினைப் போடமாட்டார். காட்டுக்காரருக்கு வயது மூன்று, மூக்கு ஒழுகிக்கொண்டிருக்கும். “ஆரம்பிச்சரலாமுங்களா சாமி?” என்று குனிந்து கேட்பார். பிஞ்சு விரல் சுவிட்சை அமுக்கும். நெபுலைசர் இரையும், மாஸ்க்குக்குள் மருந்துப் புகை கிளம்பும். “பாறை ஒடையுதுங்கோ!” என்று கூவுவார்.

சென்னிமலை நாமக்கல்லில் ஒரு குழந்தைகள் ஆஸ்பத்திரியில் வார்டு உதவியாளர். அதற்கு முன் பதினெட்டு வருடம் ரிக் லாரியில் ஊர் ஊராகப் போய்ப் போர்வெல் கிணறு போட்டவர். காட்டுக்காரர், அதாவது நிலத்தின் சொந்தக்காரர், சூடம் காட்டித் தலையசைத்த பிறகுதான் அங்கே கம்ப்ரசர் ஓடும். அந்த வழக்கத்தை அப்படியே கட்டிலுக்குக் கொண்டுவந்துவிட்டார். சூடத்துக்கு மட்டும் நர்ஸ் அபிநயா அனுமதி தரவில்லை.

ரிக் இரைச்சலில் பேச்சு எடுபடாது. அந்தப் பழக்கத்தில் இன்னும் கையாலும் பேசுகிறார். முஷ்டியை மடக்கினால் நிறுத்து. ஒரு விரலைத் தூக்கினால், நிறுத்தாதே, இன்னும் ஒரு ராடு இறக்கித் தோண்டு. மழைக்காலத்தில் பத்துக் கட்டிலும் நிறைந்துவிட்டால், பிள்ளைகளை ஊர்ப் பெயரால் சுட்டி, “புதுச்சத்திரம் முந்நூறு அடியில தேறிரும். எடப்பாடி கொஞ்சம் ஆழமுங்க” என்பார். ஒரு கட்டிலிலிருந்து அடுத்ததற்குப் போகுமுன், கிரீஸ் போக்குகிறவர்போல முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவுவார். ஒரு பிள்ளை சளியைக் கக்கிவிட்டால் போதும், “தண்ணி வந்துருச்சுங்கோ!” என்று வார்டே அதிரும்.

“ஏனுங்கண்ணா, இது ஆஸ்பத்திரிங்களா, சோளக்காடுங்களா?” என்பார் அபிநயா.

“ரெண்டுலயும் கீழ கெடக்கறத மேல கொண்டாரோணும். அவ்வளவுதானுங்க சிஸ்டர்.”

போன கார்த்திகையில் நாமகிரிப்பேட்டையிலிருந்து தனப்பிரியா வந்தாள். இரண்டரை வயது. ஆர்.எஸ்.வி. என்கிற வைரஸ் நெஞ்சில் இறங்கி, மூச்சுக்கு மூச்சு விலா குழிந்தது. மூக்கில் ஆக்சிஜன் குழாய் இருந்தும் விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு தொண்ணூறைத் தாண்டவில்லை. மெசின் சத்தம் கேட்டாலே மாஸ்க்கைப் பிடுங்கி எறிந்தாள். “சாயந்திரத்துக்குள்ள ஏறலீன்னா சேலத்துக்கு அனுப்பீரலாம். வென்டிலேட்டர் அங்கதான் இருக்குது” என்றார் டாக்டர். அம்மா கோகிலவாணி எறிந்த மாஸ்க்கை எடுத்துத் துடைத்தாள்.

“காட்டுக்காரம்மா, உத்தரவுங்களா?” என்று தனப்பிரியாவிடம் குனிந்தார் சென்னிமலை.

காட்டுக்காரம்மா அவருடைய முகக்கவசத்தை இழுத்து விட்டாள். அது பட்டென்று மூக்கில் அடித்தது.

“உத்தரவு கெடைச்சிருச்சுங்கோ!”

அபிநயா மருந்தை ஊற்றி மாஸ்க்கை மாட்ட, சுவிட்ச் எட்டும்படி மெசினையே தனப்பிரியா பக்கத்தில் வைத்தார் சென்னிமலை. அமுக்கினாள். சென்னிமலை ஒரு விரலைத் தூக்கிக்கொண்டு ரிக் லாரிபோல உடம்பெல்லாம் குலுங்கினார். பயந்து அணைத்தாள். முஷ்டியை மடக்கி, ஒற்றைக்காலில் அப்படியே நின்றுவிட்டார். அமுக்கினாள், குலுங்கினார். அணைத்தாள், நின்றார். ஆறாம் முறை அவளுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே இருமலும். பக்கத்துக் கட்டில்கள் கைதட்டின. ஏழாம் முறை அணைக்கவில்லை. மாஸ்க் முகத்திலேயே இருந்தது.

“எம் பேச்ச ஒரு நாளும் கேட்டதில்லீங்க. இவளுக்கு மெசினே அடங்குது!” கோகிலவாணி கண்ணைத் துடைத்துக்கொண்டே சிரித்தாள்.

தொண்ணூற்றொன்று. மருந்து தீரும்போது தொண்ணூற்று மூன்று. சாயந்திரம் அடுத்த வேளை மருந்து முடிகிற நேரத்தில் டாக்டர் வந்து பார்த்தார். தொண்ணூற்றைந்து. “சேலம் வேண்டாம்” என்றார்.

சென்னிமலை மெசினை நிறுத்தக் குனிந்து, முறைப்படி முஷ்டியை மடக்கிக் காட்டினார்.

தனப்பிரியா புகைக்குள்ளிருந்து அவரை முறைத்தாள். பிறகு, மாஸ்க்கை இடது கையால் அழுத்திப் பிடித்துக்கொண்டு, வலது கையில் ஒரு விரலைத் தூக்கினாள்.