மூச்சில்லாத செட்டு

ஒரு சத்தம் நின்றுபோய்விட்டதா, தமக்குத்தான் கேட்காமல் போய்விட்டதா என்பதை ஒருவர் தம் காதைக் கொண்டே எப்படிக் கண்டுபிடிப்பது? ஜெரினாவின் வாழ்க்கை இந்தக் கேள்வியை எழுப்பியபோது அவருக்கு நாற்பத்து நான்கு வயது. கேள்வி முதலில் ஒரு சந்தோஷமாகத்தான் வந்தது.

திருவொற்றியூர் நெடுஞ்சாலையிலிருந்து ரயில் பாதைப் பக்கம் திரும்பும் சந்தில் வேதமாணிக்கத்தின் குடோன் இருக்கிறது. கம்ப்யூட்டர் மேஜையில் வைக்கிற ஸ்பீக்கர்களை அங்கே பூட்டுகிறார்கள். சர்க்யூட் போர்டு ஓரிடத்திலிருந்தும் மரப்பெட்டி வேறோரிடத்திலிருந்தும் வரும். ஏழெட்டுப் பெண்கள் உட்கார்ந்து ஒயரைப் பற்றவைத்து, திருகாணி முடுக்கி, கடைசி மேஜைக்குத் தள்ளிவிடுவார்கள். அந்தக் கடைசி மேஜை பதினாறு வருடங்களாக ஜெரினாவுடையது. அவர் கேட்டு, அட்டைப்பெட்டியின் மூலையில் பச்சை ஸ்கெட்ச் பேனாவால் ஒரு டிக் போட்டால்தான் செட்டு லாரி ஏறும். வேலூர், சேலம் கடைக்காரர்கள் பெட்டியைத் திருப்பி முதலில் அந்த டிக்கைத்தான் தேடுவார்கள் என்று வேதமாணிக்கம் பெருமையாகச் சொல்வார். அவர் நாசரேத்துக்காரர், எல்லோருக்கும் அண்ணாச்சி.

ஜெரினா பாட்டுப் போட்டுப் பார்ப்பவர் அல்ல. "பாட்டு போட்டா எந்த டப்பாவும் நல்லாத்தான் பாடும்" என்பார். செட்டை மின்சாரத்தில் மாட்டுவார். ஒன்றையும் ஓடவிடாமல் வால்யூமை முழுக்கத் திருப்பி, காதை ஒரு சாண் தூரத்தில் வைப்பார். எந்த ஸ்பீக்கரும் அப்போது மெல்லியதாக ஒரு 'உஸ்' விடும். அதற்கு அவர் வைத்திருந்த பெயர் மூச்சு. மூச்சு லேசாக, சீராக இருந்தால் நல்ல செட்டு. இரைத்தால் கழிவு. அதன் பிறகுதான் ஒரு பேச்சுக் குரலைப் போட்டு 'ச'வும் 'ஸ'வும் பிரிந்து வருகிறதா என்று பார்ப்பார். பாட்டு கடைசியில், அரை நிமிடம், ஒரு மரியாதைக்கு.

சென்ற ஒரு வருடமாகவே அவர் அண்ணாச்சியிடம் நல்ல செய்தியாகச் சொல்லி வந்தார். "போர்டு இப்ப நல்லா வருது அண்ணாச்சி. லாட்டுக்கு லாட்டு மூச்சு கொறையுது." அந்த ஒரு வார்த்தையை நம்பி வேதமாணிக்கம் போர்டு கொடுப்பவரை மாற்றாமல் இருந்தார்.

ஒரு புதன்கிழமை காலை வந்த அறுபது செட்டு லாட்டில் மூச்சே இல்லை. ஜெரினா வால்யூமை முழுக்கத் திருப்பினார். சுத்தமான அமைதி. அடுத்ததிலும் அப்படித்தான். பதினாறு வருடத்தில் அப்படி ஒரு செட்டை அவர் பார்த்ததில்லை. குரலும் தெளிவாகத்தான் இருந்தது, கொஞ்சம் போர்வைக்குள்ளிருந்து வருவது போல. அறுபது செட்டுக்கும் மளமளவென்று டிக் போட்டார்.

பேக்கிங் மேஜையில் இருந்த பவுனம்மாள் காசிமேட்டுப் பெண், ஜெரினாவைவிடப் பத்து வயது சின்னவள். அறுபதாவது பெட்டியை எடுக்க வந்தவள் நின்றாள்.

"இன்னாக்கா, இதையா பாஸ் பண்ண? பாம்பு கணக்கா சீறிகினு கீது."

"பாட்டே போடலடி."

"அதத்தான் சொல்றேன். பாட்டு இல்லாமயே சீறுது. எல்லாமே இப்டித்தான் சீறுச்சு, நான் இன்னாடா இது, அக்காவுக்குத் தெரியாததான்னு வுட்டுட்டேன்."

ஜெரினா காதை ஸ்பீக்கருக்கு வெகு அருகில் கொண்டுபோனார். வலைத் துணி காது மடலில் உரசும் சொரசொரப்பு தெரிந்தது. வேறொன்றும் இல்லை. அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. ஒரு வருடமாகப் போர்டு நன்றாகி வரவில்லை.

வெளியே லாரி நின்றிருந்தது. ஒரு வார்த்தை சொன்னால் போதும். அவர் சொன்ன வார்த்தை வேறு.

"உன் காதுல அழுக்கு சேந்துகிச்சு பவுனு. போய் சுத்தம் பண்ணு."

எல்லோரும் சிரித்தார்கள். "தெனம் மீன் ஏலத்துல கத்தறத கேட்டுக் கேட்டு அவளுக்குக் காது புளிச்சுப் போச்சு" என்றாள் ஒருத்தி. யாருடைய காதைச் சந்தேகப்படுவது என்பதில் அந்தக் குடோனில் யாருக்கும் குழப்பமில்லை. பவுனம்மாளும் சிரிக்க முயன்றாள். மறுநாள் ஒரு காதில் பஞ்சோடு வந்தாள். "நீ சொன்னியேன்னு எண்ண காய்ச்சி வுட்டேங்கா. இப்ப அந்தப் பக்கம் சுத்தமா கேக்கல." அறுபது செட்டும் அதற்குள் வேலூர் போய்ச் சேர்ந்திருந்தன.

அதிலிருந்து ஜெரினாவின் நாட்கள் பயத்தில் நகர்ந்தன. கேட்கிற சத்தத்தை எண்ணத் தொடங்கினார். லாரி ஹாரன் கேட்டது. பாங்கு கேட்டது. கொசு கேட்கவில்லை, கடித்த பிறகு தெரிந்தது. டாக்டரிடம் போகவில்லை. போனால் பதில் வந்துவிடும். மேஜையில் பழைய கணக்குப்படி குத்துமதிப்பாகப் பத்துக்கு ஒன்றைக் கழித்து ஓரமாக வைத்தார். சில நேரம் நல்லது கழிந்தது, கெட்டது போயிற்று. எது எது என்று அவருக்கே தெரியாது. முதுகுக்குப் பின்னால் யார் நடந்தாலும் திரும்பிப் பார்த்தார். என்றைக்காவது வேலூரிலிருந்து போன் வரும், அண்ணாச்சி அந்த மேஜையைக் காட்டி எழுந்திரு என்பார். நினைப்பெல்லாம் அதுதான். துறைமுகத்தில் லாரி ஓட்டும் கணவர் கமாலிடமும் சொல்லவில்லை.

இரண்டாவது வாரம் ஞாயிற்றுக்கிழமை மதியம், வீட்டில் கேஸ் நாற்றம் வந்தது. அந்தப் பக்கத்தில் கேஸ் நாற்றம் வந்தால் யாரும் அடுப்பைப் போய்ப் பார்ப்பதில்லை. ரசாயனக் கம்பெனிக்காரன் புகையைத் திறந்துவிட்டான் என்று திட்டிக்கொண்டு ஜன்னலைச் சாத்துவார்கள். ஜெரினாவும் திட்டினார். மூன்று ஜன்னலையும் சாத்தினார். மகள் கௌசர் கல்லூரித் தோழி வீட்டிலிருந்து வரும் நேரம். டீ வைக்கலாமென்று லைட்டரை எடுத்துக்கொண்டு அடுப்பங்கரைக்குப் போனார்.

வாசற்கதவு திறந்தது.

"அம்மா! லைட்டர கீழ வை!"

கௌசர் செருப்போடு ஓடிவந்து லைட்டரைத் தட்டிவிட்டாள். பெரிய சட்டிக்கு அடியில் சிம்மில் வைத்திருந்த தீ காற்றில் எப்போதோ அணைந்திருந்தது. குமிழைத் திருப்பி மூடினாள், ஜன்னல்களைத் திறந்தாள், பிறகுதான் மூச்சு விட்டாள்.

"வாசல் வரைக்கும் உஸ்ஸுனு கேக்குது. பக்கத்துல நின்னுகினு இருக்கியே, உனக்குக் கேக்கல?"

"கம்பெனி நாத்தம்னு நெனச்சேன்."

"நாத்தத்த வுடும்மா. சத்தம்? காதுல பஞ்சு வெச்சிருக்கியா இன்னா?"

பஞ்சு என்றதும் ஜெரினா சிரித்துவிட்டார். சிரிப்பு நிற்காமல் போனதைப் பார்த்து மகள் பயந்தாள். அன்று முதல் ஜெரினா அடுப்பைக் கடக்கும்போதெல்லாம் குமிழைத் தொட்டுப் பார்த்தார். வேலைக்குக் கிளம்பிப் பாதி வழியில் திரும்பிவந்தும் தொட்டார்.

வேலூரிலிருந்து போன் செவ்வாய்க்கிழமை வந்தது. வேதமாணிக்கம் தம் கண்ணாடித் தடுப்புக்குள் நின்று பேசுவதை ஜெரினா பார்த்தார். உதடுதான் தெரிந்தது. அவர் வெளியே வந்தபோது ஜெரினா பச்சைப் பேனாவை மூடி வைத்தார்.

"ஏ, எல்லாரும் கேளுங்க" என்றார் அண்ணாச்சி. "வேலூர்க்காரன் என்ன சொல்லுதான் தெரியுமா? போன லாட்டு அறுவதும் வித்துப் போச்சாம். சவுண்டு அருமையா இருக்காம். அதே மாதிரியே இருநூறு வேணுமாம். ஜெரினா டிக் போட்டா அதுக்கு மேல அப்பீல் கெடையாதுங்கான்!"

கைதட்டினார்கள். காதில் இன்னும் பஞ்சோடு பவுனம்மாள்தான் முதலில் தட்டினாள். "அன்னிக்கே சொல்ச்சி அக்கா, எனக்குத்தான் காது அவுட்டுன்னு."

பயப்படுவதற்கு இனி ஒன்றும் இல்லை. வாங்கியவர்கள் பாட்டுப் போட்டுக் கேட்டிருப்பார்கள். பாட்டுக்கு நடுவே மூச்சைத் தேட யாருக்குப் பொழுது இருக்கிறது? பதினாறு வருடம் அவர் காத்துவந்த ஒன்று யாருக்குமே தேவைப்பட்டிருக்கவில்லை என்றும் இதற்குப் பொருள் உண்டு. ஆனால் அவருடைய இடம் பத்திரமாக இருந்தது. இன்னும் பத்து வருடம் அவர் கேட்காமலே டிக் போட்டுக்கொண்டு அங்கே உட்கார்ந்திருக்கலாம்.

ஜெரினா எழுந்து நடுக்கூடத்துக்கு வந்தார்.

"அந்த அறுவதும் கழிவு அண்ணாச்சி. போன் போட்டுத் திருப்பி வாங்குங்க."

"என்னம்மா வெளையாடுத?"

"பவுனு சொன்னதுதான் சரி. அவ காது நல்லா கீது. எனக்குத்தான் கேக்கல. ஒரு வருசமா கேக்கல."

வேதமாணிக்கத்துக்கு முதலில் கோபம்கூட வரவில்லை. "வாங்கினவனே நல்லாருக்குங்கான். ஒனக்கு என்ன வந்துச்சு? பேசாம போய் ஒக்காரு" என்றார். குரலில் கெஞ்சல் இருந்தது. ஜெரினா உட்காரவில்லை. அண்ணாச்சி போனைக் கையில் எடுக்கும்வரை அங்கேயே நின்றார்.

மாட்டிக்கொள்ளும் ஆபத்து இருந்தபோது பொய் சொன்னவர், அது நீங்கிய நிமிடத்தில் ஏன் உண்மையைச் சொன்னார்? கமால் கேட்டார். கௌசர் அந்த அடுப்பைக் காரணமாக நினைக்கிறாள். சாயங்காலம் பேருந்து நிறுத்தத்தில் பவுனம்மாளும் கேட்டாள்: "யாரும் கேக்கலியேக்கா, நீயா ஏன் சொன்ன?"

ஜெரினா அவளிடம் வருகிற பஸ்ஸின் நம்பரைப் பார்த்துச் சொல்லும்படி கேட்டார். பிறகு அவளுடைய காதிலிருந்த பஞ்சைத் தம் கையாலேயே எடுத்துப் போட்டார்.