ஒட்டாது... ஆனால் பரம்பரை!

போன வாரம் உத்திரமேரூர்ப் பக்கம் ஒரு வளைகாப்பு. என் பெரியப்பா மகள் கலா அக்காவுக்கு. சாப்பாடு பிரமாதம். இலவச மருத்துவ ஆலோசனை அதைவிடப் பிரமாதம்!

ஆலோசனை முழுவதும் என் தங்கை மலருக்கு. அவள் கையிலும் உதட்டோரத்திலும் வெள்ளைத் திட்டுகள். நகங்கள் தடித்து உடைந்திருக்கும். உடம்பைக் காக்க வேண்டிய எதிர்ப்புச் சக்தியே உடம்பைத் தாக்குகிற அபூர்வமான பரம்பரை நோய். அதற்குப் பெயர் கண்டுபிடிக்கச் சென்னை டாக்டர்களுக்கு வருடக்கணக்கில் ஆனது. எங்கள் ஊர்ப் பெண்களுக்கு... ஒரு பார்வை போதும்.

"மீன் துன்னுட்டு பால் குடிச்சிருப்பா."

மீனும் பாலும் ஒரே நாளில் வருகிற வசதி எங்கள் வீட்டுக்கு எப்போது இருந்தது?

எந்த விசேஷத்திலும் துப்பட்டாவுக்குள் கையை ஒளித்துக்கொள்கிறவள் மலர். அன்று மட்டும், தானே பார்த்துப் பார்த்து வாங்கிய பச்சை வளையல்களோடு முன்னால் வந்தாள். கலா அக்காவுக்குத் தன் கையால் போட்டுவிட வேண்டும் – அவ்வளவுதான் ஆசை.

அக்காவின் மாமியார் குறுக்கே கையை நீட்டினார். "நீ இன்னாத்துக்கும்மா... தட்டுல வச்சிட்டுப் போ. மாசமா கீற பொண்ணு, ஒட்டிக்கினா இன்னா பண்றது?"

விடுவேனா? எங்கள் குடும்பத்தில் முதன்முதலாகப் படித்தவள் நான். வாங்கிய பட்டத்தைக் காட்ட இதைவிட நல்ல மேடை ஏது?

"ஒட்டாதுங்க. இது பரம்பரையா வர்றது!" என்றேன், பந்தலே கேட்கும்படி.

மாமியாரின் பார்வை மலரின் கையை விட்டு நகர்ந்து, கலா அக்காவின் வயிற்றில் போய் நின்றது.

"பரம்பரையா? பொண்ணு குடுக்க சொல்லோ ஒருத்தரும் வாயத் தொறக்கலியே!"

ஒரு வம்பை இரண்டாக்கிய பெருமை என் படிப்பையே சேரும். எங்கள் அம்மாவும் அப்பாவும் சொந்தத்தில் கட்டியவர்கள், இரண்டு பக்கமும் அந்தக் குறை சேர்ந்தால்தான் பிள்ளைக்கு வரும்... என்று நான் இழுத்ததை யார் கேட்டார்கள்? மலர் வளையல்களைத் தட்டில் வைக்கக் குனிந்தாள்.

கலா அக்கா அவள் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"அத்தே, உங்களுக்கு சக்கர கீது. உங்க நைனாவுக்கும் இருந்துச்சி. உங்க புள்ளைக்கு இப்பவே பார்டர்ல கீது. பொண்ணு கேக்க வந்தப்போ நீங்க சொன்னீங்களா?" என்றவள் மலரிடம் திரும்பினாள். "இன்னாடீ பாத்துக்கினு கீற? போடு!"

பந்தல் சிரித்தது. வேறு வழியில்லாமல் மாமியாரும் சிரித்துவைத்தார். மலர் போட்டாள் – அவசரமே இல்லாமல், ஒவ்வொன்றாக.

தோலில் தெரிந்தால் அது பரம்பரை வியாதி. தெரியாவிட்டால்... நல்ல குடும்பம்!