‘ஆறு மணிச் சங்கு’ கேட்கக் கிள்ளான் வரை போய்வந்தேன்

போன மாதம் இரண்டாவது சனி, ஞாயிறு இரண்டு நாளும் நான் கோலாலம்பூர்ப் பக்கம் போனது ஒரு சண்டையைத் தீர்த்துக்கொள்ள. சண்டையை ஆரம்பித்தவளும் நான்தான் என்பதால் யார் மீதும் பழி போட வழியில்லை.

விஷயம் தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ‘ஏழாம் மைல்’ என்பது பந்திங் பக்கத்துத் தோட்டங்களைச் சேர்ந்த ஐந்து பேர் முப்பத்துச் சொச்சம் வருடங்களுக்கு முன்னால் தொடங்கிய தமிழ் ராக் இசைக்குழு. பாடகர் டோனி அண்ணனுக்கு இப்போது அறுபத்து மூன்று வயது. ஒரு ஆல்பம்கூட அவர்கள் போட்டதில்லை. கிள்ளானில் நடந்த முதல் நிகழ்ச்சியை யாரோ கேசட்டில் பதிவு செய்ய, அது நகலுக்கு நகலாக நாடு முழுக்கப் போனது. பட்டர்வொர்த்தில் எங்கள் வீட்டுக்கும் ஒன்று வந்தது. அதிலுள்ள ‘ஆறு மணிச் சங்கு’ பாட்டில், தோட்டத்தில் ஆட்களை வேலைக்குக் கூப்பிடும் சங்கு ஊதுவதுபோல் டோனி அண்ணன் குரல் மேலே மேலே ஏறும். அந்த இடத்தில் ரசிகர்கள் எல்லோரும் எழுந்து நின்றுவிடுவோம்.

போன வருடம் ஈப்போ நிகழ்ச்சியில் அந்தச் சங்கு எனக்குத் தாழ்ந்து கேட்டது. துறைமுகத்தில் சரக்கு ஏற்றுமதி அலுவலகத்தில் இருக்கிறேன். இரண்டு தாளைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் பதினெட்டு வருடமாக என் வேலை. பாட்டையும் அப்படியே செய்தேன். கேசட்டிலிருந்து இருபது நொடி, ஈப்போவில் கைப்பேசியில் எடுத்ததிலிருந்து இருபது நொடி. “ஒரு கட்டை இறங்கிவிட்டது. அண்ணன் ஓய்வெடுக்கலாம்” என்று எழுதி, 212 பேர் இருக்கும் ரசிகர் குழுவில் போட்டுவிட்டேன். அது குழுவைத் தாண்டி எங்கெங்கோ போனது. நாங்கள் இரண்டு கட்சியானோம்.

எதிர்க்கட்சித் தலைவி சுங்கை வே மல்லிகா. இருபது வருடமாக நானும் அவளும் சேர்ந்துதான் ‘ஏழாம் மைல்’ நிகழ்ச்சிகளுக்குப் போவோம். நான்கு மாதம் என்னோடு பேசவில்லை. பிறகு, சனிக்கிழமை பிரிக்ஃபீல்ட்ஸிலும் ஞாயிற்றுக்கிழமை கிள்ளானிலும் நிகழ்ச்சி என்று அறிவித்ததும் அவளே கூப்பிட்டாள். “ரெண்டு ஷோவும் என் பக்கத்துல உக்காந்து கேளு. அப்புறம் பேசு லா” என்றாள். அன்றைக்கே டிக்கெட் போட்டேன்.

பட்டர்வொர்த்திலிருந்து கோலாலம்பூர் சென்ட்ரலுக்கு விரைவு ரயிலில் சுமார் 350 கிலோமீட்டர். எனக்குக் கிடைத்த டிக்கெட் 79 வெள்ளி, அதாவது ரிங்கிட். காலை ஏழு மணிக்குக் கிளம்பி 11.20க்கு இறங்கினேன். ஒரு ஸ்வெட்டர் கட்டாயம் எடுத்துக்கொள்ளுங்கள், பெட்டிக்குள் குளிர் எலும்பைத் தொடும். இறங்கியதும் ஒட்டியிருக்கும் பேரங்காடி வழியாக வெளியே வந்தால் பிரிக்ஃபீல்ட்ஸின் துன் சம்பந்தன் சாலை, எட்டு நிமிட நடை. டாக்சி பிடித்துவிடாதீர்கள், சுற்றிக்கொண்டு வந்து இதே இடத்தில்தான் இறக்குவார்கள். வாழை இலைச் சாப்பாடு 14 வெள்ளி. இரண்டாவது முறை ரசம் கேட்டால் முகம் சுளிக்காத கடையாகப் பார்த்து உட்காருங்கள்.

நிகழ்ச்சி நான்கு மணிக்கு. முந்நூறு பேர் உட்காரும் மண்டபம் நிறைந்திருந்தது. மல்லிகா எனக்கு முன்பே வந்து இடம் பிடித்திருந்தாள். “மெலிஞ்சிட்ட” என்று மட்டும் சொன்னாள். நான் மெலியவில்லை. ஆனால் அது சமாதானக் கொடி என்று புரிந்துகொண்டேன்.

டோனி அண்ணன் ‘சங்கு’ பாட வந்தபோது என் காதை என்னால் நம்ப முடியவில்லை. ஈப்போவில் பாடியதைவிட ஒரு கட்டை மேலே, அச்சு அசல் கேசட்டில் இருப்பதுபோல. மல்லிகா என் தொடையில் ஓங்கித் தட்டினாள். மண்டபமே எழுந்து நின்றது. ஆனால் எனக்குச் சந்தோஷமாக இல்லை. கழுத்து நரம்பு புடைத்து, கண்ணை இறுக்கி மூடி, மேலே ஏறும் இடத்தில் குரல் இரண்டு தடவை கீறியது. நான் கேட்டது கிடைத்துவிட்டது.

முடிந்ததும் ஆறரை மணிக்கு நாலைந்து பேராக ஒரு தேநீர்க் கடையில் உட்கார்ந்தோம். நுரை வர ஆற்றிய தே தாரிக் 2 வெள்ளி 50 சென், வடை 1 வெள்ளி 50. எங்களோடு வந்தவர் ஜேம்ஸ் அண்ணன். கோலாலம்பூர் செந்தூல்காரர், இசைக்குழுவுக்கு ஆரம்பத்திலிருந்தே ஒலியமைப்பு அவர்தான். அதிகம் பேசமாட்டார். நாங்கள் வழக்கம்போல் அடித்துக்கொண்டோம்.

“கேட்டியா? குரல் அப்படியே இருக்கு” என்றாள் மல்லிகா.

“கீறுச்சு. ரெண்டு எடத்துல.”

“மேல பாடுனா கீறுச்சுங்கிற, கீழ பாடுனா எறங்கிடுச்சுங்கிற. உனக்கு என்னதான் வேணும்?”

கேசட்டில் இருப்பதுபோல் வேண்டும் என்றேன். ஜேம்ஸ் அண்ணன் வடையைக் கீழே வைத்தார்.

“அந்த கேசட்டு தப்பு, சுமதி.”

என்ன தப்பு என்று கேட்டேன்.

“செந்தூல்ல எங்கப்பாவோட ரேடியோ ரிப்பேர் கடையில நான்தான் காப்பி எடுத்தேன். ஒரிஜினல போட்டு ஓடவிட்ட மிஷின் கொஞ்சம் வேகமா ஓடுச்சு. அப்ப எனக்கு தெரியல. அதுலேருந்துதான் எல்லா காப்பியும் போச்சு. டோனி அந்த உசரத்துல அன்னிக்கு பாடவே இல்ல.”

நான் நம்பவில்லை. ஆதாரம் என்ன என்றேன். அலுவலகப் பழக்கம்.

அவர் கொஞ்சம் நெளிந்தார். “பாட்டுக்கு முன்னாடி அறிவிப்பு ஒண்ணு வருமே.”

வரும். அந்தக் கேசட்டைக் கேட்ட யாருக்கும் அது மனப்பாடம். “அன்பு ரசிகப் பெருமக்களே” என்று ஒரு பெண் குரல். அந்த அக்கா யார், இப்போது எங்கே இருக்கிறார் என்று ரசிகர் குழுவில் வருடா வருடம் தேடுவோம். பாரிட் புந்தாரிலிருந்து ஒருவர் அந்தக் குரலுக்குக் கவிதையே எழுதியிருக்கிறார்.

“அந்த அக்கா நான்தான்” என்றார் ஜேம்ஸ் அண்ணன்.

யாரும் சிரிக்கவில்லை. மல்லிகா தன் கைப்பேசியில் கேசட் ஒலியை எடுத்து, வேகத்தைக் குறைத்து ஓடவிட்டாள். ஒல்லியான குரலில் ஒரு இளைஞன், கொஞ்சம் பயந்தபடி, “அன்பு ரசிகப் பெருமக்களே” என்றான். சந்தேகமே இல்லை, இவர்தான். தொடர்ந்து டோனி அண்ணன் பாடினார், ஈப்போவில் நான் கேட்ட அதே உயரத்தில். இத்தனை வருடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்டதற்கு, “எல்லாரும் அந்த அக்கா கொரலு எவ்ளோ அழகுன்னு எழுதுறீங்க. நான் எப்படி லா சொல்றது?” என்றார்.

சுங்கை வேயிலுள்ள மல்லிகா வீட்டுக்குப் போக வாடகைக் கார் 22 வெள்ளி, 16 கிலோமீட்டர், நெரிசலில் ஐம்பது நிமிடம். பின்சீட்டில் நாங்கள் இரண்டு பேரும் கேசட்டின் அந்த இருபது நொடியை வேகமாகவும் மெதுவாகவும் மாற்றி மாற்றிப் போட்டுக்கொண்டே வந்தோம். தமிழ் ஓட்டுநர். பொறுத்துப் பார்த்துவிட்டு, “அக்கா, எது ஒரிஜினல்?” என்று கேட்டார். இரண்டாவது என்றேன். “மொத போட்டதுதான் நல்லாருக்கு” என்றார் அவர். எனக்கும் அப்படித்தான் இருந்தது.

ஞாயிற்றுக்கிழமை ஸ்ரீ செத்தியா நிலையத்தில் கொமுட்டர் ரயில் ஏறினோம். சுங்கை வேக்குப் பக்கத்து நிலையம் அதுதான். கிள்ளானுக்கு 3 வெள்ளிக்குள், ஓடும் நேரம் நாற்பது நிமிடத்துக்குள். ஆனால் ஞாயிற்றுக்கிழமை ரயிலை நம்பி அவசர வேலை எதுவும் வைத்துக்கொள்ளாதீர்கள், நடைமேடையில் 35 நிமிடம் நின்றோம். கிள்ளான் நிலையத்திலிருந்து தெங்கு கிளானா சாலை நடக்கும் தூரம். இரண்டு பக்கமும் சேலைக் கடை, பூக்கடை, முறுக்கு சுடும் வாசம். எனக்கு எதிலும் மனம் போகவில்லை. மல்லிகா மட்டும் 12 வெள்ளிக்கு ஒரு டஜன் வளையல் வாங்கினாள்.

நிகழ்ச்சி மூன்று மணிக்கு. இரண்டு மணிக்கே ஜேம்ஸ் அண்ணன் எங்களை மேடைக்குப் பின்னால் அழைத்துப்போனார். டோனி அண்ணன் சுடுதண்ணீர்க் குடுவையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். நான் ஒரே மூச்சில் சொல்லி முடித்தேன். ஒப்பிட்டுப் போட்டது நான்தான், கேசட் தப்பு, அண்ணன் குரல் இறங்கவே இல்லை, மன்னித்துவிடுங்கள்.

“கேசட்டு தெரியும்மா” என்றார். குரல் கரகரத்தது. “அது வந்த புதுசுலயே தெரியும். அத கேட்டுட்டுதான ஜனங்க வந்தாங்க. ரெண்டாவது ஷோல என் கொரலுல பாடுனேன். பின்னாடிலேருந்து ஒருத்தரு, ‘ஒரிஜினல் ஆளு வரலையா?’ன்னு கேட்டாரு. அன்னிலேருந்து தூக்கித்தான் பாடுறேன்.”

போன வருடம் தொண்டை மருத்துவர், இப்படி இழுத்துப் பாடினால் குரல் மொத்தமாகப் போய்விடும் என்று சொல்லியிருக்கிறார். அதனால்தான் ஈப்போவில் முதல்முறையாகத் தன் சொந்தச் சுருதிக்கு இறங்கினார். இரண்டு வாரத்தில் நான் ஒப்பிட்டுப் போட்டது அவர் கைப்பேசிக்கு வந்து சேர்ந்தது. மறுபடி மேலே ஏறிவிட்டார். எனக்கு அவமானத்தில் காது சுட்டது.

“இன்னிக்கு உங்க கொரலுலயே பாடுங்க அண்ணே” என்றேன். “குரூப்புல நான் எழுதுறேன். எல்லாருக்கும் சொல்றேன்.”

குடுவையிலிருந்து ஒரு மடக்குச் சுடுதண்ணீர் குடித்தார். “சரி. மொத வரிசையில உக்காருங்க ரெண்டு பேரும். தெரிஞ்சவங்க மூஞ்சி இருந்தா எனக்கு கொஞ்சம் தைரியமா இருக்கும்.”

எங்கள் டிக்கெட் 40 வெள்ளி. மேலும் 40 கட்டி முதல் வரிசைக்கு மாறினோம். மேடை பத்தடி தூரம்தான்.

சொன்னபடியே கீழே எடுத்தார். சுத்தமான குரல், ஒரு கீறல் இல்லை, வார்த்தை ஒவ்வொன்றும் தெளிவாகக் காதில் விழுந்தது. இதுதான் உண்மையான பாட்டு, அன்றைக்கு இதே கிள்ளானில் இவர் பாடியது இதைத்தான், கேள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சங்கு ஊதும் இடம் வந்தது. எழுந்திருக்க வேண்டும் என்று தெரிந்தது. கால் எழவில்லை. அது ஏறவேண்டிய இடத்துக்கு ஏறாமல் பாதியில் நின்றதுபோல் இருந்தது. என் பதினான்கு வயதிலிருந்து நான் கேட்கும் பாட்டு இது இல்லை.

டோனி அண்ணன் என்னைப் பார்த்தார். பிறகு கிதார்காரர் பக்கம் திரும்பி, கட்டை விரலை மேலே காட்டினார்.

இரண்டாவது சரணத்தைக் கேசட் உயரத்தில் எடுத்தார். மண்டபம் குதித்து எழுந்தது. நானும் எழுந்தேன், அதை மறைக்க விரும்பவில்லை. சங்கு ஏறியது, ஏறியது, உச்சியில் சட்டென்று காற்று மட்டும் வந்தது. வாய் திறந்திருந்தது, சத்தம் இல்லை. அவர் மைக்கை எங்கள் பக்கம் நீட்டினார். அது நிகழ்ச்சியில் ஒரு அம்சம் என்று நினைத்து எண்ணூறு பேரும் மிச்சத்தைப் பாடி முடித்தார்கள். நல்ல கைத்தட்டல். ரசிகர் குழுவில் இன்றைக்கும் அதைத்தான் வாழ்நாளிலேயே சிறந்த நிகழ்ச்சி என்று எழுதிக்கொண்டிருக்கிறார்கள்.

திரும்பும் ரயிலில் மல்லிகா கேட்டாள். “ஏன்டி மூஞ்சிய அப்படி வெச்சிருந்த?”

“எப்படி வெச்சிருந்தேன்?”

“எழவு வீட்டுல உக்காந்த மாதிரி.”

சத்தியமாக எனக்குத் தெரியாது. தலையாட்டிக்கொண்டு, சிரித்துக்கொண்டு இருப்பதாகத்தான் நினைத்திருந்தேன்.

இது நடந்து மூன்று வாரம் ஆகிறது. டோனி அண்ணன் ஆறு வாரம் பேசக்கூடாது என்று மருத்துவர் சொல்லியிருப்பதாக ஜேம்ஸ் அண்ணன் தகவல் அனுப்பினார். அதற்குப் பிறகு குரல் வரலாம், வராமலும் போகலாம். நான் அந்த ஒப்பீட்டை நீக்கிவிட்டேன், கேசட் பற்றிய உண்மையையும் எழுதினேன். பாதிப் பேர் நம்பவில்லை. மீதிப் பேர், நம்பினாலும் கேசட்தான் பிடிக்கிறது என்கிறார்கள். அவர்களைத் திட்ட எனக்கு வாய் இல்லை. ஒரு மிஷின் வேகமாக ஓடியதைத்தான் நான் இத்தனை வருடம் நேசித்தேனா, அல்லது அந்த மனிதரையா? இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்க்கிறேன். பிடிபடவில்லை.

அடுத்து அறிவித்திருந்த பந்திங் நிகழ்ச்சியை இன்னும் ரத்து செய்யவில்லை. குணமானால் தன் சொந்தச் சுருதியில் மட்டும்தான் பாடுவார் என்று ஜேம்ஸ் அண்ணன் சத்தியம் செய்கிறார். போக விரும்புகிறவர்களுக்கு: கிள்ளானிலிருந்து பேருந்து உண்டு, நேரம் நிச்சயமில்லை. நாலு பேர் சேர்ந்தால் காரே மலிவு. தண்ணீர் கொண்டுபோங்கள், மண்டபத்தில் மின்விசிறி மட்டும்தான். முதல் வரிசை 80 வெள்ளி, கடைசி வரிசை 40. டோனி அண்ணன் முகம் பார்த்துப் பாடுகிறவர். உங்கள் முகத்துக்கு நீங்கள் பொறுப்பேற்க முடியும் என்றால் மட்டும் முன்னால் உட்காருங்கள். நான் கடைசி வரிசை எடுத்திருக்கிறேன், தூண் மறைக்கும் இடமாகக் கேட்டு வாங்கினேன்.