பீரோவில் பூட்டிய சான்றிதழ்

இடஒதுக்கீடு கேட்டு மறியல் நடந்த வாரம் அது. கல்வராயன் மலையிலிருந்து வந்து கள்ளக்குறிச்சியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த விடுதியில் தங்கியிருந்த ஒரு பெண்ணுக்குக் கல்லூரி உதவித்தொகை மனு எழுதிக் கொடுத்தேன். வழியில் தொலைந்துவிடுமோ என்ற பயத்தில், அவளுடைய சாதிச் சான்றிதழின் அசலை என் பீரோவில் பூட்டிவிட்டு, நகலை மட்டும் மனுவோடு உதவித்தொகை அலுவலகத்துக்குக் கொடுத்தனுப்பினேன். கடைசி நாளன்று மதியம் வியர்த்துப்போய் வந்து நின்றாள்.

"அக்கா, அசலு இல்லாம மனுவ வாங்க மாட்டாங்களாம்."

என் புத்தியை நொந்துகொண்டேன். அவளைத் தனியாக அனுப்பவும் மனமில்லை, பால்குடி மகனை விட்டுப் போகவும் முடியவில்லை. பீரோவைத் திறந்து அசலை எடுத்துப் பையில் வைத்தேன்; அவனை இடுப்பில் தூக்கிக்கொண்டு அவளோடு அலுவலகத்துக்கு நடந்தேன். சாலையின் குறுக்கே ஒரு புளியமரத்தை வெட்டிப் போட்டிருந்தார்கள்.

"கொயந்தைய தூக்கிக்கினு எங்கம்மா போறீங்க?" மறியலில் நின்ற ஒருவர் அதட்டினார்.

"காலேஜி ஸ்காலர்ஷிப்பு மனுங்க. இன்னிக்குதான் கடைசி," என்றேன்.

நாங்கள் மரத்தைத் தாண்டும்வரை அவரே மகனை வாங்கி வைத்துக்கொண்டார். "தொர இன்னா படிக்கப் போறாரு? டாக்டருக்கா?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. மணி நாலு தாண்டியிருந்தது.

எழுத்தர் அசலை ஒருமுறை பார்த்துவிட்டு மனுவை வாங்கிக்கொண்டார். சான்றிதழைப் பழக்கத்தில் என் பைக்குள் வைக்கப் போனேன். பிறகு அவளிடமே நீட்டினேன். திரும்பும் வழியில், பத்திரமாக இருக்கிறதா என்று இரண்டு முறை கேட்டுவிட்டேன்.