பதினோரு வருட மௌனத்துக்கு நஷ்டஈடு

விமான விபத்து வழக்கென்று எங்கள் அலுவலகப் படியேறி வருகிறவர்கள் பெரும்பாலும் கூட்டமாகத்தான் வருவார்கள். மச்சான் ஒருவர், சித்தப்பா ஒருவர், சட்டமெல்லாம் கரைத்துக் குடித்த பக்கத்து வீட்டுக்காரர் ஒருவர். அந்த அக்கா மட்டும் தனியாக வந்தார். மருத்துவமனைச் சலவைக்கூடத்தில் வேலை. ஈரத்திலேயே கிடந்து விரல் நுனிகள் வெளுத்துச் சுருங்கியிருந்தன. விபத்து நடந்து இரண்டு வருடம் நிறைய இன்னும் இருபத்தாறு நாள்தான் பாக்கி. அதைத் தாண்டினால் வழக்கே போட முடியாது.

நான் வக்கீல் குமாஸ்தா. கெடுவைக் கோட்டை விடுகிறவர்களைக் கண்டால் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவ்வளவு நாள் என்ன செய்தீர்கள் என்று முகத்தில் அடித்தாற்போல் கேட்டுவிட்டேன்.

"எனக்குக் கேக்க உரிமை இருக்கான்னு தெரியலப்பா," என்றார். "என் வீட்டுக்காரரும் நானும் அவர் போறவரைக்கும் பதினோரு வருஷம் பேசிக்கவே இல்ல."

அவர் கணவர் லிஃப்ட் பழுதுபார்ப்பவர். வெளியூரில் ஒரு கட்டடத்து லிஃப்டைச் சரிசெய்யக் கம்பெனி செலவில் விமானத்தில் போனார். இறங்கும்போது சக்கரம் முறிந்து விமானம் ஓடுதளத்தை விட்டு விலகித் தீப்பிடித்ததில் இறந்துபோனார். பிள்ளைகள் கிடையாது. விவாகரத்தும் இல்லை, பிரிந்தும் போகவில்லை. ஒரே வீடு, இரண்டு அறை, ஒரு சமையலறை. கணவருடைய பழைய பீரோவை அக்கா கேட்காமல் விற்றதில் ஆரம்பித்த சண்டை. "இனிமே உங்ககூடப் பேசினா என்னை ஏன்னு கேளுங்க" என்று இவர் சொல்லியிருக்கிறார். அவரும் ஏனென்று கேட்கவில்லை. வீம்பெல்லாம் முதல் மாதம்தான். அப்புறம் அது பழக்கமாகிவிடுகிறது. எந்தச் சொல்லில் மறுபடி ஆரம்பிப்பது என்று இருவருக்குமே தெரியாமல் போயிருக்கிறது.

கெடுவுக்குள் வழக்குப் போட்டுவிட்டோம். சட்டம் இதில் நேரானதுதான். ஒரு தொகை வரைக்கும் யார் தப்பு என்ற கேள்வியே கிடையாது, விமானக் கம்பெனி கொடுத்தாக வேண்டும். அதற்குமேல் கேட்டால், தன்மேல் தப்பில்லை என்று கம்பெனிதான் நிரூபிக்க வேண்டும். சக்கரத்தின் தேய்ந்த பாகத்தை மாற்றச் சொல்லி மெக்கானிக் இரண்டு தடவை எழுதிவைத்தும் மாற்றவில்லை என்று விசாரணை அறிக்கையிலேயே இருந்தது. அதனால் கம்பெனி பொறுப்பை ஒப்புக்கொண்டது. சம்பள இழப்புக்கும் சரி என்றது. ஒன்றில்தான் முரண்டு பிடித்தது. கணவனின் துணையை இழந்ததற்கு நஷ்டஈடு கேட்டிருந்தோம். பேச்சுவார்த்தையே இல்லாதவருக்கு என்ன துணை, அவர் பெயருக்குத்தான் மனைவி என்று பதில் மனு போட்டார்கள். மாடி வீட்டுக்காரர் வாயைக் கிளறித் தெரிந்துகொண்டிருக்கிறார்கள். எப்பேர்ப்பட்ட அக்கறை பாருங்கள்.

அந்தப் பதில் மனுவை நான்தான் அக்காவுக்குப் படித்துக் காட்டினேன். பணத்தைப் பற்றி அவர் ஒன்றும் கேட்கவில்லை. "பெயருக்குத்தான்" என்ற இடத்தை மறுபடி படிக்கச் சொன்னார். இதை மாற்றியாக வேண்டும் என்றார்.

மாற்ற ஆதாரம் வேண்டுமே. கடிதம், போட்டோ, பிறந்தநாள் பரிசு ஏதாவது உண்டா என்று எங்கள் வக்கீல் துருவினார். இருந்தது ஒரு கரும்பலகை. சமையலறைக் கதவில் மாட்டியது. சொல்ல வேண்டியதை இருவரும் அதில்தான் எழுதுவார்கள். படித்தவர் உடனே அழித்துவிட வேண்டும், அழிந்திருந்தால் படித்தாயிற்று என்று அர்த்தம். பதினோரு வருடக் குடித்தனமும் அப்படியே துடைத்துப் போயிருந்தது. கணவர் கிளம்பிய அன்று எழுதியதைக்கூட அக்கா படித்ததும் அழித்துவிட்டார். விபத்துச் செய்தி வந்தது அதற்குப் பிறகுதான். வக்கீல் தலையில் கைவைத்துக்கொண்டார். அப்பப்போ பேசிக்கொள்வோம் என்று ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள், மறுக்க ஆள் இல்லை என்றார். "அவர்தான் மறுக்கணும்," என்றார் அக்கா, "அவரே இல்லாதப்போ நான் எப்படிப் பொய் சொல்றது?" எனக்குக் கோபம்தான் வந்தது. கெடுத்துக் குட்டிச்சுவராக்கப் போகிறார் என்று நினைத்தேன்.

சாட்சிக் கூண்டில் அவர் முக்கால் மணி நேரம் நின்றார். கடைசியாக எப்போது பேசினீர்கள் என்றதும் அவர் சாவதற்குப் பதினோரு வருடத்துக்கு முன்னால் என்று பளிச்சென்று சொன்னார். கணவர் எங்கே சாப்பிடுவார் என்று கேட்டார்கள். ஒரே மேசையில், எதிரும் புதிருமாக. கூட வெளியே போவாரா என்றார்கள். அக்கா சாயந்தரம் வேலை முடிந்து வரும்போது அவர் மருத்துவமனை வாசலில் தினமும் நிற்பாராம். இவரைப் பார்த்ததும் திரும்பிப் பத்தடி முன்னால் நடப்பாராம். இவர் செருப்பு அறுந்து நின்றால் அவரும் அங்கேயே நின்று கடைப் பலகையைப் படிப்பாராம், திரும்பிப் பார்க்காமல். இதைச் சொல்லும்போது நீதிபதி எழுதுவதை நிறுத்தினார்.

கம்பெனி வக்கீல் கெட்டிக்காரர். குரலை உயர்த்தவே இல்லை. "அம்மா, அப்பவும் உங்க வீட்ல பேச்சு இல்ல, இப்பவும் இல்ல. அவர் போனதுல உங்களுக்கு என்னதான் குறைஞ்சுது?"

அக்கா கூண்டின் கட்டையைப் பிடித்துக்கொண்டார்.

"அப்போ நான் பேசலைன்னா அது அவருக்குத் தெரியும்," என்றார். "இப்போ நான் பேசாம இருக்கிறது யாருக்கும் தெரியல."

வேறு கேள்வி இல்லை என்று கம்பெனி வக்கீல் உட்கார்ந்தார்.

இரண்டு மாதத்தில் தீர்ப்பு வந்தது. கேட்டதில் முக்கால்வாசி கிடைத்தது. அவர் இறந்தவரின் மனைவி, துணையை இழந்தவர் என்று தனியாக ஒரு பத்தியே இருந்தது. அலுவலகத்துக்கு வரவழைத்து அதை இரண்டு தடவை படித்துக் காட்டினேன். அக்கா தலையாட்டிக் கேட்டார். பணம் எந்த வங்கிக்கு வரும், எங்கே கையெழுத்து என்றெல்லாம் நான் சொல்லிக்கொண்டே போனேன். அவர் காதில் விழுந்த மாதிரி தெரியவில்லை.

"கேஸ் முடிஞ்சுதாப்பா?"

முடிந்துவிட்டது, இனி கோர்ட்டுக்கு அலைய வேண்டாம் என்றேன். ஒரு நல்ல செய்தி சொல்கிற தோரணையில்தான் சொன்னேன்.

"அப்போ இனிமே அவரைப் பத்தி யாரும் எங்கிட்ட எதுவும் கேக்க மாட்டாங்க, இல்ல?"

"மாட்டாங்கக்கா," என்றேன்.